செவ்வாய்க்கு மனிதர் போகலாமா: தடைக்காலத்தை வைத்துக் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில்

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சாதாரண தரம் படிக்கும் மகள் செவ்வாய்க்குப் போகப்போவதாகச் சொல்கிறாள், உங்கள் மைத்துனர் "அதெல்லாம் விளம்பரம், போனால் உயிரோடு திரும்ப ஏலாது" என்கிறார், இருவரில் யார் சொல்வது சரி என்று ஒட்டுசுட்டானிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அது முதலாவது. கடைசியில் போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையை வைத்துப் போகிறபோக்கில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறீர்கள்: "தடைக்காலத்தில் வன்னியில் பெற்றோலும் இல்லை, பற்றரியும் இல்லை, மருந்தும் இல்லை. அப்படியும் வருசக்கணக்காகச் சமாளித்தோம். இவ்வளவு காசும் படிப்பும் உள்ள ஆட்களால் மூன்று வருசம் சமாளிக்க ஏலாதா?" எனக்கு இந்த இரண்டாவதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. செவ்வாய்ப் பயணத்தின் ஆபத்துகளை எந்தப் பக்கத்தால் பிடித்து இழுத்தாலும் கடைசியில் அந்த இடத்தில்தான் வந்து நிற்கும். ஆகவே அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

நான் நீர்ச் சுத்திகரிப்புப் பொறியியல் படித்தவன். சிறுநீரக நோய்க்குப் பயந்து வவுனியா, செட்டிகுளம், நெடுங்கேணிப் பக்கம் ஊர் ஊராகப் போட்ட ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரங்களைப் பராமரிப்பது பல வருடமாக என் வேலை. விண்வெளி நிலையத்தில் சிறுநீரையும் வியர்வையையும் குடிநீராக்கும் இயந்திரங்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கியதும் அந்தத் தொழிலால்தான். இயந்திரங்களைப் பற்றிச் சொல்வதை அந்த அனுபவத்தில் நின்று சொல்கிறேன். உடம்பையும் கதிர்வீச்சையும் பற்றிச் சொல்வது, அளந்து வெளியிட்டவற்றைப் படித்துச் சொல்வது. நான் வைத்தியன் அல்லன்.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கு மனிதர் போய்த் திரும்புவதை இயற்கை விதி எதுவும் தடுக்கவில்லை. ஆனால் இன்றைக்குக் கையிலிருக்கும் இயந்திரங்களை நம்பி நாலு பேரை அனுப்பினால், அவர்கள் திரும்பி வருவார்கள் என்று பொறுப்புள்ள எந்தப் பொறியியலாளரும் கையெழுத்து வைக்கமாட்டார். இடையில் இருப்பது பெரும்பாலும் பழுதுபார்க்கும் பிரச்சினை. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் ரொக்கெட் பற்றிப் பேசுகிற அளவுக்கு அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையில் தூரம் ஒரே அளவில் நிற்பதில்லை. மிகக் கிட்ட வரும்போது சுமார் 5.5 கோடி கிலோமீற்றர். சூரியனுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நிற்கும்போது சுமார் 40 கோடி கிலோமீற்றர். பூமி சூரியனை 365 நாளில் சுற்றி வருகிறது, செவ்வாய்க்கு 687 நாள் பிடிக்கிறது. அதனால் குறைந்த எரிபொருளில் போகக்கூடிய நிலைக்கு இரண்டும் வருவது ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒருமுறைதான். இந்தியாவின் மங்கள்யான் 2013 நவம்பர் 5இல் கிளம்பி 2014 செப்ரெம்பர் 24இல் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்ததும் அப்படி ஒரு வாய்ப்பைப் பிடித்துத்தான். மனிதர் போவதென்றால் போக ஆறு தொடக்கம் ஒன்பது மாதம். இறங்கிப் பார்த்தால் பூமி முன்னால் ஓடிப்போயிருக்கும். அது மறுபடி தோதான இடத்துக்கு வரும்வரை 500 நாள் அளவில் காத்திருக்க வேண்டும். திரும்பி வர இன்னும் ஆறு தொடக்கம் ஒன்பது மாதம். மொத்தத்தில் இரண்டரை வருடத்துக்கு மேல், மூன்று வருடத்துக்குள். காத்திருப்பை ஒரு மாதமாகக் குறைக்கிற பாதைகளும் உண்டு. ஆனால் அவற்றுக்கு எரிபொருள் மிக அதிகம் வேண்டும், அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்தக் கணக்கில் மறைந்திருப்பது ஒன்று: பாதி வழியில் திரும்ப முடியாது. 1970 ஏப்ரலில் அப்போலோ 13இல் ஒட்சிசன் தாங்கி வெடித்தபோது கப்பல் சந்திரனைச் சுற்றிக்கொண்டு நாலு நாளில் பூமிக்கு வந்துவிட்டது. செவ்வாய்க்குப் புறப்பட்ட கப்பல் சூரியனைச் சுற்றும் தன் பாதையில் போய்க்கொண்டிருக்கும். அதை மறித்துத் திருப்புவதற்கு வேண்டிய எரிபொருளை எந்தக் கப்பலும் சுமந்து போகாது. மூன்றாவது மாதத்தில் ஒரு இயந்திரம் நின்றால், பூமிக்கு வர இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கும்.

இப்போது இருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் மனிதர் 2000ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து இருக்கிறார்கள், ஆகவே செவ்வாய்க்கும் போகலாம் என்று பலர் சொல்வதுண்டு. நிலையம் இருப்பது தலைக்கு மேலே 400 கிலோமீற்றரில். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற அளவு தூரம். சாமான் கப்பல்கள் வருடத்தில் பலமுறை போய்வருகின்றன. 2022 டிசம்பரில் அங்கே நின்ற ஒரு சோயுஸ் கப்பலில் குளிரூட்டும் திரவம் ஒழுகிப்போனது. ரஷ்யா ஆளில்லாமல் இன்னொரு சோயுஸை அனுப்பியது. அதில் திரும்பிய ஃபிராங்க் ரூபியோ ஆறு மாதத்துக்கென்று போய் 371 நாள் இருந்துவிட்டு வந்தார். எட்டு நாள் அளவுக்கென்று போன சுனிதா வில்லியம்ஸ் 286 நாள் தங்கி 2025 மார்ச்சில் திரும்பியதும் உங்களுக்குத் தெரியும். இரண்டிலும் ஆட்களைக் காப்பாற்றியது நிலையத்தில் சாப்பாடும் தண்ணீரும் இருந்ததும், மேலே அனுப்ப இன்னொரு கப்பல் இருந்ததும்தான். செவ்வாய் வழியில் அந்த இரண்டாவது இல்லை.

சரி, என் தொழிலுக்கு வருகிறேன். ஆர்.ஓ. இயந்திரத்தில் தண்ணீரை அழுத்தம் கொடுத்துச் சவ்வு வழியாகத் தள்ளுகிறோம். நல்ல தண்ணீர் ஒரு பக்கம் வரும், உப்பெல்லாம் மற்றப் பக்கம் கழிவுநீரில் தங்கிவிடும். 100 லீற்றரில் 50 லீற்றரை நல்ல தண்ணீராக எடுத்தால் மிஞ்சியதில் உப்பு இரண்டு மடங்காகச் செறியும். 75 எடுத்தால் நாலு மடங்கு. 90 எடுத்தால் பத்து மடங்கு. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளையாகப் படியுமே, அந்தக் கல்சியம் ஒரு கட்டத்துக்கு மேல் கரைந்திருக்க இடமில்லாமல் சவ்வின் மேலேயே கட்டத் தொடங்கும். முதலில் அழுத்தமானியின் முள் மெல்ல மெல்ல ஏறும். பிறகு நல்ல தண்ணீர் வரும் குழாயில் ஓட்டம் மெலியும். கழற்றிய சவ்வை அறுத்து விரித்து விரலால் தடவினால் நெருநெருவென்று வெள்ளைத்தூள் ஒட்டும். படிவைத் தடுக்கும் மருந்தைச் சரியான அளவில் விடாவிட்டால், வருடக்கணக்கில் உழைக்க வேண்டிய சவ்வு சில மாதத்திலேயே போய்விடும். தண்ணீரை வீணாக்காமல் கூடுதலாக எடுக்கச் சொல்லி ஊர்ச்சனம் கேட்பது நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு லீற்றரைக் கூட்டும்போதும் படிவுக்கு நாங்கள் ஒரு படி கிட்டப் போகிறோம்.

இதே கதை விண்வெளி நிலையத்திலும் நடந்தது. 2008இல் சிறுநீரைக் காய்ச்சி வடித்துத் தண்ணீராக்கும் இயந்திரத்தை மேலே அனுப்பினார்கள். நூற்றுக்கு 85 பங்கு மீட்க வேண்டும் என்பது வடிவமைப்பு. பூமியில் சோதித்தபோது அது சரியாக வேலை செய்தது. மேலே போனதும் அடைத்துக்கொண்டது. எடையில்லாத நிலையில் எலும்பு மெல்லக் கரைந்து அந்தக் கல்சியம் சிறுநீரில் வருகிறது. சிறுநீர் கெடாமல் இருக்கச் சேர்த்த சல்பூரிக்கமிலத்தோடு அது சேர்ந்து கல்சியம் சல்பேற்றாகப் படிந்துவிட்டது. பூமியில் சோதனைக்குக் கொடுத்த சிறுநீரோ எலும்பு கரையாத ஆட்களுடையது. பிறகு மீட்பை 70, 75 அளவுக்குக் குறைத்து ஓட்டினார்கள். மாற்றுப் பாகங்களைக் கீழேயிருந்து அனுப்பினார்கள். அமிலத்தைப் பொசுபோரிக்கமிலமாக மாற்றினார்கள். மிஞ்சும் செறிந்த கழிவிலிருந்தும் நீரை எடுக்க இன்னொரு இயந்திரத்தைச் சேர்த்தார்கள். மொத்த நீர்மீட்பு 98 சதவீதத்தைத் தொட்டதாக அறிவித்தது 2023இல்.

அந்த 98 சதவீதம் எவ்வளவு பெரிய விடயம் என்று பாருங்கள். குடிக்க, சமைக்க, முகம் கைகால் துடைக்க ஒருவருக்கு ஒரு நாளைக்கு நாலு லீற்றருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் வேண்டும். நாலு பேருக்கு 1,000 நாளைக்கு அது 15,000 லீற்றர், அதாவது 15 தொன். நூற்றில் இரண்டு பங்குதான் வீணாகிறது என்றால் ஈடுசெய்ய 300 லீற்றர் போதும். கணக்கு அருமையானது. ஆனால் அந்தக் கணக்கு இயந்திரம் 1,000 நாளும் ஓடும் என்று எடுத்துக்கொண்டு போட்டது. இதுவரை எந்த நீர்மீட்பு இயந்திரமும் வெளியிலிருந்து ஒரு பாகமும் வராமல் அவ்வளவு காலம் விண்வெளியில் ஓடியதில்லை. இதை நான் சந்தேகமில்லாமல் சொல்கிறேன். காற்றிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரிக்கும் இயந்திரத்துக்கும் அதே நிலைமை. அதில் உறிஞ்சும் மணிகள் உடைந்து தூளாகி வால்வுகளில் போய் அடைத்துத் தொல்லை கொடுத்திருக்கின்றன. தண்ணீர் நின்றால் சேமிப்பில் சில நாள் தள்ளலாம். காபனீரொட்சைட்டுப் பிரிப்பது நின்றால் ஒரு சிறிய அறைக்குள் நாலு பேருக்கு மணித்தியாலக் கணக்கில் தலையிடி தொடங்கிவிடும்.

இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. கையில் வைத்திருக்கும் உதிரிப்பாகத்துக்குரிய இடம் பழுதாவதில்லை. பம்புக்குச் சீல் வாங்கி வைத்தால் மின்கட்டுப்பாட்டுப் பலகை எரியும். பலகை வாங்கி வைத்தால் அழுத்தச் சுவிச்சு போகும். எங்களுக்கு அது பெரிய பிரச்சினை இல்லை, கொழும்புக்கு அழைப்பெடுத்தால் இரவு பஸ்ஸில் போட்டுவிடுவார்கள், விடிய வவுனியாவில் எடுத்துக்கொள்ளலாம். விண்வெளி நிலையமும் அடிப்படையில் அப்படித்தான் பராமரிக்கப்படுகிறது. ஒரு பெட்டி பழுதானால் உள்ளே என்ன போயிற்று என்று தோண்டுவதைவிட அந்தப் பெட்டியையே கழற்றிவிட்டு மேலே வந்த புதியதை மாட்டுவார்கள். செவ்வாய்க்கு அந்த முறையைக் கொண்டுபோனால், ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மூன்று மேலதிகப் பெட்டி என்று சுமை ஏறிக்கொண்டே போகும். ஏற்கெனவே நாலு பேருக்கு 1,000 நாளைக்குச் சாப்பாடு மட்டும் பொதியோடு சேர்த்து 7 தொன் வரும்.

இப்போது உங்கள் தடைக்காலக் கேள்வி. அதில் பாதி சரி, பாதி சரியில்லை. மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்துவிட்டுப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடினோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தோம். அதெல்லாம் நடந்ததற்கு ஒரு காரணம், கையிலிருந்த சாமான்கள் திறந்து பார்க்கக்கூடியவையாக இருந்தன. ஒரு இயந்திரத்தின் போல்ட் இன்னொன்றுக்குப் பொருந்தியது. ஓடாத வண்டியில் கழற்றி ஓடுகிற வண்டிக்குப் போட்டோம். இந்தப் பாடம் செவ்வாய்க்கு அப்படியே பொருந்தும். நாசாவும் மற்றவர்களும் இன்று தேடுவது இதைத்தான்: பல இயந்திரங்களுக்கு ஒரே பம்ப், ஒரே வால்வு, ஒரே இணைப்பு. பெட்டியாக மாற்றாமல் உள்ளே இருக்கும் சிறு பாகத்தை அங்கேயே திருத்துவது. வேண்டிய பாகத்தை அங்கேயே அச்சடித்து எடுப்பது. முப்பரிமாண அச்சு இயந்திரம் ஒன்று 2014இலேயே நிலையத்துக்குப் போய்ச் சிறு பாகங்களை அச்சிட்டுக் காட்டியது. உலோகமும் மின்னணுவும் கலந்த பாகங்களை நம்பி எடுக்கும் அளவுக்கு அது இன்னும் வளரவில்லை.

சரியில்லாத பாதி என்னவென்றால், தடைக்காலத்திலும் எங்களுக்கு மூச்சுவிடக் காற்று இருந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தது. மோட்டர் நின்றால் வாளி போட்டு அள்ளினோம், துலா மிதித்தோம். பனையும் பயிரும் மழையும் யாரையும் கேட்காமல் தங்கள்பாட்டில் வந்தன. ஒரு இயந்திரம் ஒரு கிழமை கிடந்தால் கஷ்டம், சாவு இல்லை. மருந்து இல்லாமல் செத்தவர்களை நான் மறக்கவில்லை, நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். ஆனால் வன்னிக்குள் இலட்சக்கணக்கில் ஆட்கள் இருந்தார்கள். ஒருவருக்குத் தெரியாத வேலை இன்னொருவருக்குத் தெரிந்திருந்தது. மல்லாவியில் முடியாததைப் புதுக்குடியிருப்பில் ஒரு பட்டறைக்காரர் செய்து தந்தார். செவ்வாயில் நாலு தலை, எட்டுக் கை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் வானொலிச் செய்தி ஒரு பக்கம் போகவே தூரத்தைப் பொறுத்து 3 தொடக்கம் 22 நிமிடம் எடுக்கும். கேள்விக்குப் பதில் வர முக்கால் மணித்தியாலம் ஆகலாம். சூரியன் நடுவில் வரும் நாட்களில், 26 மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கிழமை அளவுக்கு, பேச்சே நம்பகமாக இராது.

உடம்பைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவையும் இருக்கின்றன, தெரியாதவையும் இருக்கின்றன. எடையில்லாத நிலையில் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 தொடக்கம் 1.5 சதவீதம் அளவில் குறையும். தினமும் இரண்டு மணித்தியாலம் உடற்பயிற்சி செய்தால் பெருமளவு தடுக்கலாம். ரஷ்ய விண்வெளி வீரர் வலேரி பொல்யாகோவ் 1994–95இல் மீர் என்ற ரஷ்ய விண்வெளி நிலையத்தில் தொடர்ந்து 437 நாள் இருந்துவிட்டு வந்து, இறங்கியதும் பக்கத்து நாற்காலிக்கு நடந்தே போனார். அதனால் எட்டு மாதப் பயணம் ஒருவரை முடக்கிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் செவ்வாயின் ஈர்ப்பு பூமியினதில் 38 சதவீதம். அந்த அளவு ஈர்ப்பில் 500 நாள் இருந்தால் எலும்பு தேறுமா, தொடர்ந்து கரையுமா என்பதை உலகத்தில் யாரும் சோதித்ததில்லை. இதைப் பற்றி உறுதியாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

கதிர்வீச்சில் எண்கள் இருக்கின்றன. உடம்பில் ஏறும் கதிர்வீச்சை மில்லிசீவேட் என்ற அலகில் அளப்பார்கள். கியூரியோசிற்றி ஊர்தி போகும் வழியில் ஒரு நாளைக்கு சுமார் 1.8 மில்லிசீவேட்டும், செவ்வாய்த் தரையில் சுமார் 0.64 மில்லிசீவேட்டும் அளந்தது. போகவர 360 நாள், தரையில் 500 நாள் என்று வைத்தால் ஏறத்தாழ 1,000 மில்லிசீவேட். பூமியில் இயற்கையாக ஒருவருக்குச் சராசரியாகக் கிடைப்பது வருடத்துக்கு 2.4. நாசா தன் விண்வெளி வீரருக்கு வாழ்நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் எல்லை 600. ஆகவே ஒரே பயணத்தில் எல்லை தாண்டும். இதனால் அங்கேயே செத்துவிடுவார்கள் என்பதல்ல. பிற்காலத்தில் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சில சதவீதம் கூடும். விண்வெளியில் வரும் கனமான துகள்கள் மூளையை என்ன செய்யும் என்பது எலிகளில் பார்த்த அளவில்தான் நிற்கிறது. சூரியப் புயல் வேறு விதம். 1972 ஓகஸ்ட்டில், அப்போலோ 16க்கும் 17க்கும் இடையில், பெரிய புயல் ஒன்று அடித்தது. அந்த நேரம் சந்திரனில் யாரும் இருந்திருந்தால் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருப்பார்கள். புயலுக்குத் தண்ணீர்த் தாங்கிகளையும் சாப்பாட்டுப் பொதிகளையும் சுற்றி அடுக்கி ஒரு சிறு அறை செய்து ஒதுங்கலாம். அது செய்யக்கூடிய வேலை. நாளாந்தம் எல்லாத் திசையிலிருந்தும் வரும் அண்டக்கதிர்களுக்கு அப்படி இலகுவான மறைப்பு இல்லை.

நோய் பற்றி ஒரு சம்பவம் மட்டும் சொல்கிறேன், அது உங்கள் கேள்வியின் நடுவில் போய் விழுகிறது. நிலையத்தில் இருந்த ஒருவருக்குக் கழுத்து நாளத்தில் இரத்தம் உறைந்திருப்பதை ஒரு ஆய்வுக்காக எடுத்த ஸ்கானில் கண்டுபிடித்தார்கள். உறைவைத் தடுக்கும் ஊசிமருந்து அங்கே அளவாகத்தான் இருந்தது. கீழேயுள்ள வைத்தியர்கள் சொல்லச்சொல்ல அதை அளந்து போட்டு நாட்களைக் கடத்தினார்கள். அடுத்த சாமான் கப்பலில் வேறு மாத்திரை வந்து சேர்ந்தது. அவர் சுகமாகத் திரும்பினார். இது 2020இல் மருத்துவ இதழில் வெளியானது, ஆளின் பெயர் வெளியிடப்படவில்லை. செவ்வாய் வழியில் அந்த அடுத்த கப்பல் வராது. 1961இல் அந்தாட்டிக்காவில் லியோனிட் ரோகசோவ் என்ற ரஷ்ய வைத்தியர் தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார் என்று சொல்லி, மனிதரால் எதுவும் முடியும் என்பார்கள். உண்மைதான், அவர் பிழைத்தார். ஆனால் அவர் அறுவை வைத்தியர், அவரைச் சுற்றிக் காற்று இருந்தது.

இறங்குவதும் ஏறுவதும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். செவ்வாயின் காற்று பூமியினதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான அழுத்தம் உடையது. உரசிச் சூடாக்குவதற்கு அது போதும், வேகத்தைத் தணித்து மெல்ல இறக்கப் போதாது. பெர்சிவரன்ஸ் ஊர்தி 2021 பெப்ரவரி 18இல் இறங்கியபோது அதன் நிறை ஏறத்தாழ 1 தொன். மனிதரோடு இறக்க வேண்டியது 20 தொன்னும் அதற்கு மேலும். அவ்வளவுக்குப் பரசூட் உதவாது, ஒலியைவிட வேகமாக விழும்போதே எஞ்சினை எரித்து நிறுத்த வேண்டும். ஃபால்கன் ரொக்கெட்டின் கீழ்ப்பாகங்கள் பூமியின் மேல்வளியில் அப்படி எரித்துத்தான் திரும்பி இறங்குகின்றன, ஆகவே இதில் எனக்கு நம்பிக்கை உண்டு. திரும்பி ஏறுவதுதான் யோசிக்க வைக்கிறது. செவ்வாய்த் தரையிலிருந்து இதுவரை ஒரு சின்ன ரொக்கெட்கூடக் கிளம்பியதில்லை. எரிபொருளையும் அதை எரிக்க வேண்டிய ஒட்சிசனையும் அங்கேயே செய்வது திட்டம். பெர்சிவரன்ஸில் இருந்த மொக்சி என்ற கருவி செவ்வாயின் காபனீரொட்சைட்டிலிருந்து 2021க்கும் 2023க்கும் இடையில் 16 தடவை ஓடி மொத்தம் 122 கிராம் ஒட்சிசன் எடுத்தது. முறை சரி என்று காட்டிவிட்டது. வேண்டியது கிராம் கணக்கில் அல்ல, பல தொன். அதுவும் யாரும் பக்கத்தில் இல்லாமல் மாதக்கணக்கில் தானாக ஓட வேண்டும்.

விவசாயம் செய்து சாப்பிடலாமா என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2008இல் ஃபீனிக்ஸ் என்ற கலம் செவ்வாய் மண்ணைக் கரைத்துப் பார்த்தபோது அரை சதவீதம் அளவில் பெர்குளோரேற்று உப்பு இருந்தது. தைரொயிட்டைப் பாதிக்கும் உப்பு அது. தண்ணீரில் கரையும், கழுவி எடுக்கலாம், கழுவிய தண்ணீரை மறுபடி சுத்தமாக்க இன்னொரு இயந்திரம் வேண்டும். அடைத்த இடத்தில் பயிர் வைத்துக் காற்றையும் சாப்பாட்டையும் சரிக்கட்டுவது எவ்வளவு நுணுக்கம் என்பதை அரிசோனாவில் 1991–93இல் எட்டுப் பேர் பயோஸ்பியர் 2 என்ற அடைத்த கண்ணாடிக் கூடத்தில் இருந்தபோது பார்த்தார்கள். வளமான மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் எதிர்பார்த்ததைவிட அதிக ஒட்சிசனை எடுத்தன, வந்த காபனீரொட்சைட்டைக் கொங்கிறீற்று உறிஞ்சிக்கொண்டது. 21 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த ஒட்சிசன் 14 அளவுக்கு இறங்கி, வெளியிலிருந்து அடிக்க வேண்டி வந்தது. முதல் பயணங்களில் சாப்பாட்டைக் கொண்டுதான் போவார்கள். கொஞ்சம் கீரை வளர்ப்பது மனதுக்கு நல்லது, வயிற்றை அதை நம்பி விடக்கூடாது.

எப்போது நடக்கும் என்பதில் மற்றவர்கள் சொன்ன தேதிகளை மைத்துனர் கிண்டல் பண்ணுவதில் பிழையில்லை. ரொக்கெட் பொறியியலாளர் வேர்ணர் ஃபொன் பிரவுண் 1969இல் 1982ஐச் சொன்னார். இலோன் மஸ்க் 2017இல் 2024ஐச் சொன்னார். என் கணிப்பு, கணிப்பு மட்டும்தான்: 2030களில் மனிதர் தரையில் இறங்கித் திரும்பினால் ஆச்சரியப்படுவேன், 2040களில் நடந்தால் ஆச்சரியப்படமாட்டேன். அதற்கு முன்னால் எதைப் பார்த்தால் நெருங்கிவிட்டது என்று சொல்லலாம் என்றால், ரொக்கெட் மேலே போகும் காணொளிகளை நான் பார்க்கமாட்டேன். பூமிக்குக் கிட்டவோ சந்திரனிலோ ஒரு உயிர்காப்பு இயந்திரத்தை மூன்று வருடம் வெளியிலிருந்து ஒழுக்கை அடைக்கும் ஒரு ரப்பர் வளையம்கூட அனுப்பாமல் ஓட்டிக் காட்டட்டும். ஆளில்லாத கப்பல் ஒன்று 20 தொன்னைச் செவ்வாயில் இறக்கட்டும், அங்கேயே செய்த எரிபொருளில் ஒன்று மேலே ஏறட்டும். இவை நடந்த பிறகு போகிறவரின் ஆபத்தை எண்ணில் சொல்ல முடியும். அமெரிக்காவின் விண்வெளி ஓடங்கள் 135 தடவை பறந்ததில் இரண்டு அழிந்து 14 பேர் இறந்தார்கள், அந்த எண் எங்களிடம் இருக்கிறது. செவ்வாய்க்கு அப்படி ஒரு எண் இன்று இல்லை. எண் இல்லாமல் ஒருவரிடம் சம்மதம் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை, எவ்வளவு விரும்பி முன்வந்தாலும்.

மகளைப் பற்றி. அவளுக்கு இப்போது 16 வயதளவில் என்றால் 2040களில் முப்பதுகளில் இருப்பாள், விண்வெளி வீரருக்குப் பொருத்தமான வயது. ஆனால் நாசாவில் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். மற்ற நாடுகளும் பெரும்பாலும் தங்கள் குடிமக்களையே எடுக்கின்றன, இலங்கையிடம் மனிதரை அனுப்பும் திட்டம் இல்லை. அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுவது நல்லது. கப்பலில் ஏறுவது ஒன்று, அந்தக் கப்பல் ஓடுவதற்கு வேண்டிய வேலையைச் செய்வது இன்னொன்று. இரண்டாவதற்குக் கதவு இன்னும் அகலம்: நீர்மீட்பு, சவ்வு, படிவு தடுப்பு, அடைத்த இடத்தில் காற்றைச் சுத்தமாக்குவது இவற்றில் உலகமெங்கும் பல்கலைக்கழகங்கள் ஆய்வு செய்கின்றன, மாணவர்களை நாடு பார்க்காமல் எடுப்பவையும் உண்டு. உயர்தரத்தில் கணிதமா உயிரியலா என்று கேட்டிருந்தீர்கள். எதுவாக இருந்தாலும் இரசாயனத்தை விடவேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் ஊரிலோ பள்ளிக்கூடத்திலோ ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால், சவ்வு மாற்றும் நாளில் பக்கத்தில் நின்று பார்க்க அவளை விடும்படி பராமரிக்கும் ஆட்களிடம் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.